கறுப்புக்கு அடியில் மஞ்சள்

அதே ஆட்டம்தான். வீட்டு வாசலிலிருந்து இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம் வரைக்கும் ஒரு பள்ளம் விடாமல் கவனித்துக்கொண்டுதான் வந்தேன், முந்தாநாள் எப்படிப் போனதோ அப்படியேதான் போகிறது வண்டி, நூலளவு மாற்றம் இல்லை, அப்படியானால் மெக்கானிக் சென்னியப்பன் ஸ்பிரிங்கை மாற்றவில்லை. மாத்திப்போட்டேன் மச்சா, கண்ண மூடிக்கிட்டுப் போங்க என்று நேற்றுச் சாயங்காலம் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினானே, கண்ணை மூடிக்கொண்டு போவதற்கு நான் என்ன பாடையிலா போகிறேன். வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது, இனிமேல் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து நிமிர்ந்து பார்த்து இது ரோட்டில் ஓடலாம் என்று எஃப்.சி. கொடுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் வாசலில் நிறுத்திக் கோழி அடைக்கலாம். பின் சீட்டில் துளசிமணி, என் மனைவி, முதுகுக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாகத் தலையணை வைத்துச் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள், தூங்கவில்லை, தூங்கினால் வாய் லேசாகத் திறக்கும், எனக்குத் தெரியும். இந்த வண்டி ஓடுவதே அவளுக்காகத்தான். முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து முடுக்கிய உடம்பு, பஸ் ஏற முடியாது, ஆட்டோ என்றால் பெயரைக் கேட்டாலே முகம் வெளுத்துவிடும், மாதம் தவறாமல் கோயம்புத்தூர் டாக்டரைப் பார்த்தாக வேண்டும், இன்றைக்கும் இங்கே முடித்துவிட்டு அங்கேதான் போகிறோம். எஃப்.சி. கிடைக்கவில்லை என்றால் எங்கேயும் போகப்போவதில்லை. இன்னொரு கார் வாங்க என் பென்ஷனுக்குத் தெம்பில்லை, கட்டிலும் ஜன்னலுமாகக் கிடப்பாள், கிடந்துகொண்டே எனக்கொன்றும் இல்லை என்பாள், அதைக் கேட்டுக்கொண்டு நான் ஒருவன் பேப்பர் படிக்க வேண்டும். அத்தனையும் இந்தத் தடியன் ஒரு சாயங்கால வேலைக்குச் சோம்பல் பட்டதால். யாரோ அல்ல, துளசியின் கூடப் பிறந்த தம்பி.

நான் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து, கூண்டில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். கூண்டில் ஏறியதும் எல்லா முகமும் ஒன்றுபோல் ஆகிவிடும், தப்பு செய்தவனும் செய்யாதவனும் ஒரே மாதிரிதான் எச்சில் விழுங்குவான். அதனாலேயே நான் எதற்கும் பயப்படுவேன். ஹெல்மெட் இல்லாமல் முக்குக் கடைக்குப் போனதில்லை, ஒருவழிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூட எதிரே வந்ததில்லை, தெய்வசிகாமணி சார் மூத்திரம் போறதுக்கும் செக்‌ஷன் பார்ப்பார் என்று ஆபீஸில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்படிப்பட்டவன் ஆயுளில் ஒரே ஒரு குற்றம் செய்தேன், அது இந்த வண்டிக்கு அடியில் இருக்கிறது. கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கையும் அதிர்வு தாங்குகிற ஷாக்கையும் கழற்றிப்போட்டுவிட்டு, வெளியே விற்கிற வேறொரு செட்டை மாட்டியது. அப்போதே எனக்குத் தெரிந்த இரண்டு வக்கீல்களைக் கேட்டேன். ஒருவர், தேய்ந்துபோன சாமானுக்குப் பதில் சாமான் மாற்றுகிறீர்கள், இதில் என்ன சார் குற்றம் என்றார். இன்னொருவர், ஆர்.சி.யில் உள்ள வண்டி வேறு, நீங்கள் ஓட்டுகிற வண்டி வேறு என்று ஆகிவிட்டால் எவன் வேண்டுமானாலும் மடக்கலாம், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான் என்றார். இரண்டு பேரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான், எல்லாம் பார்க்கிற இன்ஸ்பெக்டர் மனசைப் பொறுத்தது சார். சட்டம் எவர் மனசையோ பொறுத்தது என்று சொன்னால் என்னைப் போன்றவன் எப்படித் தூங்குவான். எட்டு வருடமாக ரோட்டில் காக்கி உடுப்பைக் கண்டாலே என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். லைசென்ஸ் இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும், புகைச் சான்றிதழ் இருக்கும், எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கும், ஆனால் அடியில் அது இருக்குமே. நல்ல மஞ்சள் நிறம், கல்யாண வீட்டு மஞ்சள், பெட்டியைத் திறந்து சென்னியப்பன் காட்டியபோது பளிச்சென்று இருந்தது. மாட்டி முடித்த பிறகு, எதுக்கும் இருக்கட்டும்னு கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டேன் மச்சா, எவன் குனிஞ்சு பார்த்தாலும் தெரியாது என்றான். அவன் கெட்டிக்காரத்தனத்தை அன்றைக்கு மெச்சினேன். இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன், எட்டு மழைக்காலம் போய்விட்டது, கறுப்பு எங்காவது உரிந்து அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால் என்ன செய்வது, இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்ததும் இளித்துக்கொண்டு நிற்குமே.

வரிசை நகரவில்லை. எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன், அதற்கு முன்னால் தக்காளி வாசம் அடிக்கும் ஒரு டெம்போ, அதற்கும் முன்னால் வரிசையாகப் பழைய கார்கள், எல்லாம் குளித்து முழுகி நிற்கின்றன. இந்த மைதானத்தில் நிற்கிற எந்த வண்டியும் நேற்றிருந்த வண்டி இல்லை. பெண் பார்க்க வருகிற நாளில் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவது மாதிரிதான், ஒருவன் நண்பன் வண்டி டயரை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான், ஒருவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளை உரித்த பிசின்கூடக் காயாமல் வந்திருக்கிறான், முன்னால் பூட்டியிருந்த இரும்புக் கம்பியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான் இன்னொருவன். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும், சாயங்காலம் எல்லாம் பழையபடி ஏறிவிடும். சென்னியப்பன் என்னிடம் சொன்னதும் அதைத்தான், எஃப்.சி.க்கு எல்லாரும் பண்றதுதான் மச்சா, கம்பெனி ஸ்பிரிங்க நான் பத்திரமா எடுத்து வெச்சிருக்கறேன், ஒருநாளைக்கு அத மாட்டிக் காட்டிப்போட்டு வாங்க, சாயங்காலமே மறுபடி நம்ம செட்ட ஏத்திரலாம். அந்த ஒருநாள் மாட்டலைத்தான் அவன் செய்யவில்லை. அதுதான் எரிகிறது. ஊரில் இருக்கிற எவன் எவன் வண்டிக்கோ இரவோடு இரவாக மாட்டிக் கொடுக்கிறான், சொந்த அக்கா உட்கார்ந்து போகிற வண்டிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போங்க. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். "ஏனுங்க, அவன் வேலையா இருப்பான், அதெல்லாம் மாத்தியிருப்பான், நீங்க சும்மா இருங்க" என்றாள் துளசி, கண்ணைத் திறக்காமல். "உனக்கெப்படித் தெரியும்?" "எனக்குத் தெரியும்." "தெரியும்னா? நேத்து நீ போய்ப் பார்த்தியா?" இடுப்புத் தலையணையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தம்பி என்று வந்துவிட்டால் இவளுக்குக் காதும் கேட்காது, வாயும் வராது. தாயில்லாத வீட்டில் இவள் இடுப்பில் வளர்ந்தவன் அவன், நான் பெண் பார்க்கப் போன அன்று இவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்து நின்று என்னை முறைத்தான், சீரோடு சீராக அவனும் வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த செட்டை மாட்டிய அன்றைக்கே பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும், நேற்றாவது பார்த்திருக்க வேண்டும். ஆனால் எப்படி நிற்பது. பெண் கொடுத்த வீட்டுப் பையன், அவன் பட்டறைக்குப் போனால் எழுந்து நின்று துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறான், அவன் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது நான் தலைமாட்டில் நின்று கவனித்தால் உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். சம்பந்தக்காரன் கடையில் எடைக்கல்லைப் பார்க்கக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வது அதற்காகத்தான். அதனால் எட்டு வருடத்துக்கு முன்பும் சரி, நேற்றும் சரி, மச்சானுக்கு டீ சொல்லுங்க என்று அவன் குரல் கொடுக்க, நான் எதிர் பேக்கரியில் உட்கார்ந்து டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுக்கொண்டு மரியாதையாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதல் தடவை, துளசி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்குக் கூட்டிவந்த வாரம். குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார், குலுங்கவே கூடாது என்று இரண்டாம் தடவை என்னைப் பார்த்துச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் போட்ட சத்தம் என் ஈரக்குலையைப் பிடித்து இழுத்தது, வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு அழுதேன், பின்னால் லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான், திட்டட்டும் என்று அழுதேன். அப்புறம்தான் சட்டமாவது மண்ணாவது என்று இந்த செட்டை வரவழைக்கச் சொன்னேன். மாட்டி எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா. மிதந்தது. நிஜமாகவே மிதந்தது. துளசியை உட்காரவைத்து மெதுவாக ஒரு சுற்றுப் போனேன், எப்படி இருக்கு என்றேன், மெத்தையில படுத்த மாதிரி இருக்குங்க என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸில் கூட வேலை பார்த்த கோபிநாதனைப் பிடித்து ஏற்றி ஊர்க்கோடி வரை போய்வந்தேன், அடடா, கப்பல் மாதிரி போகுதுங்க சார் என்றான். அதற்குப் பிறகு இந்த வண்டியில் ஏறிய ஒவ்வொருவரிடமும் காரணம் இல்லாமல் ஒரு பள்ளத்தில் விட்டுக் காட்டி, தெரிஞ்சுதா, தெரியலையா, அதுதான் என்பேன். குற்றம் என்னவோ குற்றம்தான், ஆனாலும் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கட்டியவளுக்காக ஒருவன் மலையைக் குடைகிறான், ஒருவன் கோட்டை கட்டுகிறான், பெஞ்ச் கிளார்க்கால் முடிந்தது ஸ்பிரிங்.

காலையில் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. கிளம்பும்போதே, இன்னைக்குக் கொஞ்சம் தூக்கிப் போடும், பழைய ஸ்பிரிங்குதானுங்களே, நான் பாத்துக்கறேன், நீங்க பதறாம ஓட்டுங்க என்றாள். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து வந்தேன். ரயில்வே கேட்டுக்கு முந்தின வேகத்தடையில் ஏறி இறங்கியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது, என்னடா இது, எப்போதும் போலத்தானே இறங்கியது, ஸ்டீயரிங்கில் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லையே. அதே நொடியில் பின்னாலிருந்து, ஐயோ அம்மா என்று ஒரு கத்தல். எட்டு வருடத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் முகத்தைச் சுளித்து, சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர்கூட. நான் ஒரு நிமிஷம் ஏமாந்துதான் போனேன். அப்புறம் கணக்குப் போட்டேன், வண்டி மாறவில்லை, கை பொய் சொல்லாது, அப்படியானால் வலி எங்கிருந்து வந்தது. தம்பி வேலையை முடித்துவிட்டான் என்று எனக்குக் காட்டுவதற்காகக் கத்துகிறாள். வாய் சும்மா இருக்குமா எனக்கு. "உன் தம்பிக்காக நீ நடிக்க வேண்டாம் துளசி" என்றேன். அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மைதானம் வரும் வரைக்கும் மூன்றோ நான்கோ வேகத்தடை வந்தது, ஒரு முனகல்கூட இல்லை. பார்த்தாயா, நடிப்புதான் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன். அக்காளும் தம்பியும் சேர்ந்து ஒருவனை முட்டாளாக்குவது என்றால் இப்படித்தான், அவன் பட்டறையில் பொய் சொல்வான், இவள் பின் சீட்டில் அதற்குப் பாட்டு பாடுவாள், நடுவில் நான் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு கூண்டில் ஏறப் போக வேண்டும்.

வேன் நகர்ந்தது, டெம்போ நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும் எனக்கு மகள் இருந்திருந்தால், வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டு அதன் மேல் தொப்பி வைத்திருக்கிறாள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு கார்களை மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்பினாள், அதில் ஒருவன் கெஞ்சினான், ஒருவன் யார் பெயரையோ சொன்னான், இரண்டுக்கும் அவள் ஒரே முகம்தான் காட்டினாள். என் எச்சிலை நான் விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. லைட்டைப் போடச் சொன்னாள், போட்டேன். ஹாரன் அடிக்கச் சொன்னாள், அடித்தேன், துளசி கண்ணைத் திறந்தாள். அம்மா உக்காந்தே இருக்கட்டும், இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு பின் சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்தாள். முடிந்தது. சாவி முனையால் எதையோ சுரண்டுகிற சத்தம், கறுப்பைத்தான் சுரண்டுகிறாள், இதோ வரப் போகிறது மஞ்சள், கேட்டால் என்ன சொல்வது, தெரியாது என்பதா, மெக்கானிக் என்பதா, மனைவிக்காக என்று சொன்னால் சட்டத்தில் அதற்கு இடம் உண்டா, நானே வாயைத் திறந்து ஒப்புக்கொண்டுவிட்டால் இரக்கப்படுவாளோ, மேடம் அது வந்து என்று ஆரம்பித்தேகூட விட்டேன். அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "யார் சார் வண்டி பாக்கறது?" "என் மச்சினனுங்க மேடம்." "நல்லா வெச்சிருக்கார். இந்த வயசு வண்டின்னா ஸ்பிரிங்க மாத்தி, தூக்கி வெச்சு, கண்டதையும் மாட்டிட்டு வருவாங்க, இப்பத்தான் ரெண்ட அனுப்பினேன். உங்களுது சுத்தமா கம்பெனில மாட்டினது. கழட்டவே இல்ல." எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது, அதை மறைக்கக் கூடாது, தெய்வமே என்று உள்ளுக்குள் கும்பிட்டேன், மாற்றித்தான் வைத்திருக்கிறான், பாவம், அவனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று. அந்தச் சந்தோஷத்திலே வாய் உளறியது. "நேத்துத்தானுங்களே கழட்டி மாட்டினது?" அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நேத்தா? நீங்களே பாருங்க சார், போல்ட்டுல கம்பெனிக்காரன் வெச்ச வெள்ளைப் பொட்டு அப்படியே இருக்கு, அது மேல துரு ஏறியிருக்கு. பதினஞ்சு வருஷமா இதுல ஸ்பேனரே படல. ஷாக் மட்டும் செத்துப்போச்சு, அதை மாத்துங்க, கம்பெனி சாமானாப் பாத்துப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

முழங்கால் ஒத்துழைக்காது, இருந்தாலும் குந்தினேன். கையை ஊன்றிக் குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பொட்டு இருந்தது. துரு இருந்தது. அவள் சுரண்டிய இடத்தில் நானும் நகத்தால் சுரண்டினேன், கறுப்புக்கு அடியில் மஞ்சள் இல்லை, வெறும் இரும்புதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். நகத்துக்குள் கறுப்பு ஏறியது. நேற்று மாற்றவில்லை என்று நான் கண்டுபிடித்தது சரிதான், மாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இருந்ததில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு நான் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அந்தப் பெட்டியை மூடி எங்கேயோ வைத்துவிட்டு என் சாவியைத் துடைத்துக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான் நடந்தது. என் ஆயுளில் நான் செய்த ஒரே குற்றத்தை நான் செய்யவே இல்லை. இத்தனை நாள் போலீஸ்காரனைக் கண்டு பிரேக்கை மிதித்ததெல்லாம் வெட்டிப் பயம், பெருமைப்பட்டதெல்லாம் வெட்டிப் பெருமை, மிதந்ததே, நிஜமாகவே மிதந்ததே, கோபிநாதன் கப்பல் என்றானே, அவனுக்கென்ன, சார் கேட்டால் கப்பல் என்பான், நான் கேட்டால் எவனும் ஆமாம் என்றுதான் சொல்வான். திருட்டுப் பயல். சோற்றுக்குள் பூசணிக்காயை மறைப்பார்கள், இவன் வண்டிக்கு அடியில் ஒன்றுமில்லாததை மறைத்திருக்கிறான். இப்படித் திட்டிக்கொண்டே எழுந்திருக்க முயன்றபோதுதான் அது வந்து நெஞ்சில் இடித்தது. அப்படியானால் துளசி. மெத்தையில் படுத்த மாதிரி இருக்குங்க. மாதா மாதம் கோயம்புத்தூர், போக வர, எத்தனை வேகத்தடை, எத்தனை பாலத்து இணைப்பு, எப்படி இருக்கு எப்படி இருக்கு என்று நான் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறேன், நல்லா இருக்குங்க என்று அவள் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கத்தினாளே, அதே வண்டி, அதே ஸ்பிரிங். காலையில் கத்தியது நடிப்பில்லை. இன்றைக்குப் பழைய ஸ்பிரிங் என்று ஊரறியப் பேச்சு இருந்ததால், இன்று ஒருநாள் கத்தினால் ஏன் என்று எவரும் கேட்க மாட்டார்கள் என்று கத்தியிருக்கிறாள். அதையும் நான் விடவில்லை.

வண்டியை மதிலோரம் புங்க மரத்து நிழலில் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்னாலேயே பார்த்துக்கொண்டு கேட்டேன், "உனக்குத் தெரியுமா?" மறுபடி கேட்டேன், "எப்ப இருந்து துளசி?" "மொத நாளே" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அரிசி எப்போது தீர்ந்தது என்று கேட்டால் சொல்வது போல. "நீங்க சுத்திக் காட்டினீங்களே, அப்பவே. உடம்புக்குத் தெரியாதுங்களா?" "அப்புறம் ஏன் மெத்தைன்னு சொன்னே?" "உங்க மொகத்தப் பாத்தேன். சொல்ல வாய் வருலீங்க." அவளே சொன்னாள். "மறுநா அவன்கிட்டக் கேட்டேன். அழுதுட்டான். அந்த செட்ட அவசரத்துக்கு வேற வண்டிக்கு ஏத்திப்போட்டேன்க்கா, அடுத்த மாசம் உனக்கு ஒண்ணு வரவழைச்சு மாட்டிர்றேன், மச்சாங்கிட்டச் சொல்லிராதேன்னான். அடுத்த மாசம் கேட்டேன், அதுக்கடுத்த மாசம்னான். அப்பறம் நானும் கேக்கல, அவனும் பேசல. உங்ககிட்டச் சொன்னா அவன் வாசப்படிய நீங்க மிதிக்க மாட்டீங்க, என்னையும் மிதிக்க விட மாட்டீங்க. எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது அவன் ஒருத்தந்தானுங்க." ஒருத்தன்தான். அப்படியானால் நான் யார், வாடகைக்கு வண்டி ஓட்ட வந்தவனா. அவள் வலியை அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பொய்யைக் கொடுத்திருக்கிறாள், இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேனே, ஏன் வலியை எனக்குக் கொடுக்கவில்லை. கேட்க வாயெடுத்தவன், நகத்திலிருந்த கறுப்பை ஸ்டீயரிங்கில் துடைத்துக்கொண்டிருந்தேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் ஒரே வழியில்தான் வருகின்றன. என்மேல் ஒருத்திக்கு எட்டு வருடமாகப் பயம் இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அப்போதுதான் போன் அடித்தது. சென்னியப்பன். ஓட்டும்போது பேசுவதற்கென்று வண்டியின் ஸ்பீக்கரில் பூட்டி வைத்திருந்த போன், பேச்சு மூலைக்கு மூலை கேட்கும். "மச்சா, கூப்பிட்டீங்களா, லேத்துல இருந்தேன், சத்தத்துல கேக்கல. என்னாச்சுங்க, பாஸா?" "பாஸ்" என்றேன். "நாந்தான் சொன்னேனல்ல! அக்காளுக்குத்தான் வழியெல்லாம் குலுக்கியிருக்கும், பாவம். ஒண்ணும் பிரச்சினை இல்ல, கோயமுத்தூர் போயிட்டுச் சாயங்காலம் வண்டியக் கொண்டாங்க, நம்ம மஞ்ச செட்ட மறுபடி மாட்டிரலாம்." மறுபடி. எவ்வளவு பிசிறில்லாமல் வருகிறது அந்தச் சொல் அவன் வாயில். நாக்கு நுனியில் எனக்கு எல்லாம் வந்து நின்றது, வெள்ளைப் பொட்டு, துரு, பன், அவன் தாயில்லாப் பிள்ளை என்பதுகூட, நாற்பது வருடம் கோர்ட்டில் கேட்ட அத்தனை வசவும் கைகட்டி வரிசையில் நின்றன. கண்ணாடியில் பார்த்தேன். துளசி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்கவில்லை. வேண்டாம் என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறந்தால் அவள் இத்தனை காலம் பல்லைக் கடித்துக் காப்பாற்றிய ஒன்று ஒரு நொடியில் போய்விடும், பட்ட வலி அத்தனையும் வீணாகிவிடும், அவள் விலை கொடுத்து வாங்கியதை உடைக்க எனக்கென்ன உரிமை. இதுவரை எதையும் விட்டுக்கொடுக்காதவன் இன்றைக்கு ஒருநாள் அவளுக்காக விழுங்கித்தான் பார்ப்போமே என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்குள் ஒரு பெரியமனுஷன் எழுந்து உட்கார்ந்ததையும் சொல்ல வேண்டும்.

"சரி மாப்ளே, கொண்டு வர்றேன்" என்றேன். போனை வைத்தேன். வண்டியைக் கிளப்பினேன். கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறும் வரைக்கும் துளசி நன்றி சொல்வாள் என்று நான் காத்திருந்தேனோ என்னவோ. கண்ணாடியில் பார்த்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"நீங்களாவது அவனக் கேப்பீங்கன்னு இருந்தேன்" என்றாள்.